மதினியின் பச்சைச் சால்வை

தென்காசி ரத வீதிக் கடைகளில் சரிகைக் கரை போட்ட பச்சைச் சால்வையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அப்படியொரு சால்வையை வைத்துத்தான் என் மதினி, நான் வாங்கிய தீர்ப்பைத் தன்னுடையதாக்கிக் கொண்டாள். அண்ணன் மனைவி மட்டுமல்ல, ஒரே அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜை வக்கீலும் அவள்தான். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கோர்ட்டில் எல்லோருக்குமே அவள் மதினியாகிவிட்டாள்.

குற்றாலம் போகிற வழியில் ஓர் ஊர். சுடுகாட்டுக்குப் போகும் பொதுச்சாலையில் மேலத்தெருக்காரர்கள் இரும்புக் கேட் போட்டு, கீழத்தெருப் பிணங்கள் வந்தால் மட்டும் பூட்டிவிடுவார்கள். அவர்கள் வயல் வழியாகத் தூக்கிப் போக வேண்டும். சாரல் காலத்தில் முழங்கால் வரை சேறு. அந்தத் தெருப் பெரியவர் ஒருவரின் மனைவியைத் தூக்கிப் போனபோது பாடை வரப்பில் சரிந்துவிட்டது. நெஞ்சு நோயாளியான அவர், தன் காலம் முடிவதற்குள் கேட் திறக்க வேண்டும் என்று என்னிடம் வந்தார். மதுரைக்கு நடையாய் நடந்து வாதாடினேன். பொதுச்சாலை எல்லோருக்கும் பொது, மாண்போடு அடக்கமாவது அரசியலமைப்பு தந்த உரிமை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பில் என் பெயர் அச்சாகியிருந்தது. அதை எத்தனை முறை எடுத்துப் படித்தேனோ.

கேட் மட்டும் திறக்கவில்லை. தாசில்தார், சட்டம் ஒழுங்கு கெடும் என்றார். போலீஸ் தாசில்தாரைக் கைகாட்டியது. அவமதிப்பு வழக்குக்கு நான் தயாராவதற்குள் அந்தத் தாசில்தார் மாறுதலில் போய்விட்டார். அடுத்து வந்தவர், தீர்ப்பு தன் பார்வைக்கே வரவில்லை என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. பெரியவர் கம்பில்லாமல் நடக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார்.

அந்தத் தாசில்தாரும் மாறி, இன்னொருவர் வந்தார். எங்கள் பக்கம் அதிகாரி பொறுப்பேற்கும் நாளில் ஊரே சால்வையோடு வரிசையில் நிற்கும். அன்று மதினியும் நின்றாள். பச்சைச் சால்வையைப் போர்த்தி, அதன் மடிப்பிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நிருபர்கள் படமெடுத்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கினார். அது மறுநாள் பேப்பரில் வந்தது. அவர் பெயரையே போட்டு, அந்தப் படத்தையும் இணைத்து, அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பினாள்.

“பதவியக் கூப்பிட்டா எவனும் வரமாட்டான் ஏட்டி. ஆளப் பேரு சொல்லிக் கூப்பிடணும்” என்றாள்.

அந்த வாரமே தாசில்தார் போலீசோடு வந்து பூட்டைத் திறந்தார். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சலில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திறந்த அன்று நல்ல சாரல். பெரியவரை வீட்டுக்குப் போகச் சொன்னோம். “செத்த பொறவு நான் எங்கன பாக்கப் போறேன்? உசுரோட ஒரு தடவ நடந்துட்டு வந்துருதேன்” என்றார். சுடுகாட்டுக்கு ஆசையாக நடந்து போன ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஒரு கையில் கம்பு. இன்னொரு கையால் மதினியைப் பிடித்திருந்தார். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வழக்கு நடத்தியது நானாக்கும் என்ற வார்த்தை வாய் வரை வந்தது. குடையை அவர் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அடுத்த சாரலுக்கு முன் அவரை அதே சாலையில் தூக்கிப் போனார்கள்.

மதினி இப்போது மதுரையில் வழக்காடுகிறாள். தீர்ப்பு கிடைத்தும் அதிகாரிகள் அசையாத வழக்குகள் இங்கே என்னிடம் வருகின்றன. போன வாரம் ஒரு புது அதிகாரி பொறுப்பேற்கிறார் என்று சால்வை வாங்கப் போனேன். கறுப்புக் கோட்டைப் பார்த்ததுமே கடைக்கார அண்ணாச்சி பச்சையை எடுத்துப் போட்டார்.

“மதினி சால்வதானம்மா? கடையநல்லூர் வக்கீலுங்களும் அப்படித்தான் கேட்டு வாங்குதாங்க.”

யாருக்கு மதினி என்று அவருக்குத் தெரியாது. நீலத்தில் இருந்தால் கொடுங்கள் என்றேன். அதற்குள் அவர் பச்சையை மடித்துப் பையில் போட்டுவிட்டார்.