தண்ணீர் படாத முகம்

ஹைதராபாத் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் கோவிந்தராஜன் சரி என்று சொல்லாமல் ஒரு வால்வும் வாசலைத் தாண்டாது. படிப்பு ஐ.டி.ஐ.தான். ஆனால் தரம் பார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம். கழுவி வந்த பாகத்தை வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்துப் பார்ப்பார். துணியில் கறை தெரிந்தால் பாகம் வந்த வழியே திரும்பிப் போகும். எஞ்சினியர் வந்து கெஞ்சினாலும் போகும்.

அப்படிப்பட்டவர் ஒன்றே ஒன்றை மட்டும் சோதிக்காமலேயே பாஸ் செய்து வைத்திருந்தார். அது அவருடைய தங்கை அனுபமா. அவள் எம்.பி.ஏ. படித்தாள், பெரிய கம்பெனியில் வேலை பார்த்தாள், பிறகு அதை உதறிவிட்டு மாதாப்பூரில் 'ஸ்கின் ஸ்டூடியோ' என்று ஒரு அழகு நிலையம் திறந்தாள். மூன்றுமே அவருக்குப் பெருமைதான். கம்பெனி பஸ்ஸில் வந்த ஐம்பத்திரண்டு பேருக்கும் அவளுடைய விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். வெல்டிங் பிரிவுக்காரர் ஒருவர் அதன் முனையால் பல் குத்தியதைக் கவனிக்காதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாதாப்பூர் அபார்ட்மெண்டுகளில் போர் தண்ணீர். வாளியில் உப்பு வெள்ளையாகப் படியும். முடி கொட்டினாலும், முகம் வறண்டாலும், ஏன், கல்யாணம் தள்ளிப் போனாலும் அந்த வட்டாரத்தில் போர் தண்ணீர்தான் குற்றவாளி. பாதிப் பேர் முகம் கழுவுவதையே நிறுத்திவிட்டார்கள். கிரீமைப் பூசி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, சுத்தமாகிவிட்டோம் என்று ஆபீஸுக்குக் கிளம்பினார்கள். அந்தப் பயத்தைத்தான் அனுபமா தொழிலாக்கினாள். 'ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் முழுச் சுத்தம்' என்று ஸ்டூடியோ சுவரில் ஆங்கிலத்தில் பெரிதாக ஒரு போர்டு எழுதி மாட்டினாள். இரண்டு மாதம் போயிற்று. போர்டைப் படித்தவர்கள் அதிகம், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் குறைவு.

நஸ்ரின் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர், வாணியம்பாடிக்காரர். பார்த்துப் பிடித்திருந்தால் தன் ஆபீஸ் பெண்கள் பதினைந்து பேரை வருட உறுப்பினராகச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். சேர்ந்தால் ஸ்டூடியோ நிற்கும், சேராவிட்டால் இந்த மாதத்தோடு மூட வேண்டியதுதான் என்று அனுபமா அண்ணனிடம் முந்தின நாளே சொல்லிவிட்டாள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நஸ்ரின் வந்த அன்று ஷிப்ட் முடிந்த கையோடு வந்து வாசலில் நின்றார். நெற்றியில் எண்ணெய், மூக்கோரத்தில் இரும்புத் தூசி.

"அண்ணா! எதுக்கு இந்த மூஞ்சியோட வந்தே?"

"ஒரு ஓரமா நின்னு பாத்துட்டுப் போறேன் மா. நீ பேசு."

அனுபமா தன் கன்னத்திலேயே கிரீமைத் தடவிக் காட்டப் போனாள். நஸ்ரின் கை காட்டித் தடுத்தார். "ஏற்கனவே பளிச்னு இருக்கிற மூஞ்சில என்னத்த எடுத்துக் காட்டுவீங்க? அதோ, அவர உக்கார வைங்க."

"அவரு எங்கண்ணன் மேடம். ஃபேக்டரில குவாலிட்டி பாக்கறாரு. இத்தனை வருஷத்துல ஒரு மோசமான பீஸைக்கூட பாஸ் பண்ணதில்ல."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. முடிஞ்சதும் அவரே சொல்லட்டும்."

கோவிந்தராஜன் வாழ்க்கையில் முதல் தடவையாக ரோஜா வாசனையில் மூழ்கினார். அனுபமா வட்ட வட்டமாகத் தேய்த்தாள், டிஷ்யூவால் ஒற்றினாள், மறுபடி தேய்த்தாள். முடிவில் அவர் முகம் எண்ணெய் தடவிய இட்லித் தட்டு போல மின்னியது.

"சொல்லுங்க சார், சுத்தமாயிடுச்சா?" என்றார் நஸ்ரின்.

ஆயிடுச்சு என்று ஒரு வார்த்தை. தங்கைக்காக அதைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே சட்டைப்பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துவிட்டது. மேஜையிலிருந்த குடிதண்ணீரில் நனைத்து மூக்கோரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். துணி கறுத்தது.

அனுபமா பார்த்த பார்வையில் அவருக்கு வியர்த்தது.

"ரிஜெக்ட் இல்ல மேடம்," என்றார் அவசரமாக. "ரீவொர்க். இன்னொரு தடவை கழுவினாப் போதும்."

"அண்ணா, நான் என்ன பம்ப் செட்டா கழுவறேன்?"

"கோவப்படாத மா. கிரீஸ் இளகறதுக்கு நாங்களும்தான் மண்ணெண்ணெய் போடறோம். இளகினா மட்டும் போயிடுமா? அங்கதான் இருக்கும். ஈரத்துணி போட்டுத் தொடச்சு எடுக்கணும். உன் கிரீம் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. அள்ளிக்கிட்டுப் போகத்தான் ஆள் இல்ல."

நஸ்ரின் சிரிக்கவில்லை. ஆறு மாதமாக அவரும் கிரீமும் டிஷ்யூவுமாகத்தான் இருந்தார். ஒரு பஞ்சை எடுத்து, நனைத்து, தன் தாடையோரம் துடைத்தார். இன்று காலைப் பவுடரும் நேற்றைய சன்ஸ்கிரீனும் சேர்ந்து வந்தன. போன வாரத்ததும் கொஞ்சம் இருந்திருக்கும்.

"அல்லா! இதோடயா மீட்டிங்ல உக்காந்திருந்தேன்?"

அனுபமா ஒரு கணம்தான் யோசித்தாள். கேன் தண்ணீரைக் கெட்டிலில் சூடாக்கி, துண்டை நனைத்துப் பிழிந்து, அண்ணன் முகத்தில் போட்டு அழுத்தித் துடைத்தாள். கோபமெல்லாம் கையில் இறங்கியிருந்தது. முதல் துண்டு கறுப்பு. இரண்டாவது சாம்பல் நிறம். மூன்றாவது வெள்ளையாகவே வந்தது. தோல் சிவந்துபோன கோவிந்தராஜன், "பாஸ்," என்று முனகினார்.

அனுபமா நஸ்ரின் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இதுக்குப் பேருதான் டூ ஸ்டெப் க்ளென்சிங் மேடம். கிரீம் முதல் ஸ்டெப், ஃபில்டர் தண்ணித் துண்டு ரெண்டாவது. நேரா சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதான் முதல் ஸ்டெப்போட நிறுத்திக் காட்டினேன்."

நஸ்ரின் சுவரைப் பார்த்தார். "அப்ப அது?"

"பழைய ப்ராஞ்ச் போர்டு. நாளைக்கு மாத்தறோம்."

பழைய பிராஞ்ச் என்று ஒன்று ஹைதராபாத்தில் எங்கேயும் கிடையாது. நஸ்ரினுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் பேனாவைக் கேட்டு வாங்கிப் பதினைந்து பெயர்களையும் எழுதினார். அந்த நாற்காலியில் தானே முதலில் உட்காருவதாகவும் சொன்னார்.

கோவிந்தராஜன் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய பொய்யை இமைக்காமல் சொல்ல எம்.பி.ஏ. படித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கறே?" என்றாள் அனுபமா. "கீழ போய் இன்னும் ரெண்டு கேன் தண்ணி தூக்கிட்டு வா. லிஃப்ட் ஓடல."