முட்டைக்குப் போட்ட ஊசி

முட்டைக்கு ஊசி போடப்போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு சண்டை பிடித்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். "எதையாவது செய். இந்தத் தடவையும் குஞ்சு செத்தா நான் கட்டாருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்பிட்டியவில் எங்கள் வீட்டின் பின்னறையில் குஞ்சு பொரிக்கும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறோம். சின்னத் தொழில்தான். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கோழி வளர்ப்பவர்கள் வந்து குஞ்சு வாங்கிப்போவார்கள். ஆனால் கடைசியாகப் பொரித்த இரண்டு முறையும் குஞ்சுகள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வெள்ளைக் கழிச்சல். பின்பக்கம் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றபடியே செத்தன. வாங்கியவர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். பேசாமல் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் ஒருமுறை கட்டாருக்குப் போய் வந்தவர். மறுபடியும் அனுப்ப எனக்குத் துளியும் மனசில்லை. அவருக்கு எப்படியோ, யார் கண்டது? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு.

செத்த குஞ்சுகளைப் பையில் போட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அந்த அம்மா சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். குடலில் சால்மனெல்லா. குஞ்சு வெளியே வந்த பிறகு நல்ல பக்டீரியா கொடுத்தால் சிலவேளை அதற்குள் கெட்டது முந்திவிடும். அதனால் பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள் கொடுத்துப் பார்க்கலாம். குஞ்சு தன்னைச் சுற்றியுள்ள நீரைக் குடிக்கும்போது அதுவும் சேர்ந்து உள்ளே போகும் என்றார். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நின்றால் முதலில் ஏறுகிறவனுக்குத்தானே சீட்? பிந்தி வருகிறவன் எப்பேர்ப்பட்ட சண்டியனாக இருந்தாலும் தொங்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

"நிச்சயம் பலிக்கும் என்று சொல்லமாட்டேன்" என்றார் அந்த அம்மா. "ஆனால் பிறகு அன்டிபயோட்டிக் மட்டும் கொடுத்துவிடாதே. நல்லதும் சேர்ந்து செத்துப்போகும்."

மெஷினில் முட்டை வைத்த பதினெட்டாம் நாள் டாக்டரம்மாவே வந்து முதல் தட்டுக்கு ஊசி போட்டுக் காட்டினார். மீதியை நான் போட்டேன். முட்டையின் அகன்ற முனையைத் துடைத்து, காயவிட்டு, மெல்லத் துளையிட்டு, நல்ல பக்டீரியா கலந்த மருந்தில் ஒரு சொட்டை உள்ளே விட்டு, மெழுகால் மூடவேண்டும். ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் உள்ளே இருப்பது உயிர். என் கணவர் கதவருகே நின்று பார்த்தார்.

குஞ்சுகள் நன்றாகவே பொரித்தன. அன்று காலை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவசரமாகத் திரும்பினேன். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கப் பல்பு எரியும் தகர வளையத்துக்குப் பக்கத்தில் அவர் குந்தியிருந்தார். புதுக் குஞ்சுக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்து அலகை நனைத்துவிடவேண்டும். அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பாதிக்கு மேல் முடித்துவிட்டார். பாத்திரத்தில் இருந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"என்னங்க தண்ணி இது?"

"எப்பவும் குடுக்கிற பவுடர்தான்."

ஐயோ! எனக்குக் கண் இருண்டது. "அட பாவி மனுஷா! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அன்டிபயோட்டிக் வேணாம்னு!" பாத்திரத்தைக் காலால் தட்டிவிட்டேன். குஞ்சுகள் சிதறி ஓடின. எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று இனி யார் பிரிக்க முடியும்? "இதுக சாகணும், நீங்க ப்ளேன் ஏறணும். அதுக்குத்தானே செஞ்சீங்க?"

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று புத்தியே இல்லை.

அவர் எழும்பவில்லை. கையில் ஒரு குஞ்சு இன்னும் இருந்தது. "பயத்துல போட்டேன் புள்ள. இதுகளும் செத்தா நான் போகணுமே. எனக்குப் போக ஏலாது. அன்னைக்கி கட்டார்ல இருந்து வந்து இறங்கினப்ப நம்ம புள்ள என்னைய 'மாமா'ன்னு கூப்பிட்டா. நீ சிரிச்ச. நான் பாத்ரூமுக்குள்ள போயி அழுதேன்."

நான் சிரித்தது உண்மைதான். அவர் அழுதது இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது. அவர் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் பெருமூச்சு விட்டு, அந்தத் தண்ணீரை எடுத்துவிடு, நல்ல பக்டீரியாவைச் சுத்தமான தண்ணீரில் கலந்து மறுபடியும் கொடு, பிறகு காத்திரு என்றார். அந்த ஒரு வாரம் எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. காலையும் மாலையும் குஞ்சுகளைத் தூக்கி, திருப்பி, பின்பக்கம் பார்ப்போம். ஒன்றில் வெள்ளை ஒட்டியிருந்தது, செத்தது. பிறகு இன்னும் சில. ஒவ்வொரு முறையும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் அடுத்த குஞ்சைத் தூக்குவேன். ஆனால் மற்றவை இரை பொறுக்கின, ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கத்தின. லயத்திலிருந்து ஒரு அம்மா வந்து பார்த்துவிட்டு, "இந்தத் தடவை துடியாத்தான் இருக்கு" என்று சொல்லி, கேட்டு வாங்கிப்போனார்.

மறுநாள், முன்பு குஞ்சுகள் செத்தபோது அவர் பெயர் கொடுத்துவைத்திருந்த கட்டார் ஏஜென்சியிலிருந்து ஃபோன் வந்தது. அவர் என் கையில் திணித்து, "நீயே சொல்லு" என்றார். தெருவுக்கே கேட்கக் கத்துகிற நான் அன்று மெல்லச் சொன்னேன்.

"அவர் வரல்லீங்க. வேற ஆளப் பாருங்க."

"அடுத்த வருஷமாவது வருவாரா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

நான் என் கணவரைப் பார்த்தேன். சின்னப்பிள்ளை மாதிரி வேகமாகத் தலையை ஆட்டினார், இல்லை, இல்லை என்று. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.