சவரிமுத்து அவர்களின் கை தவறவில்லை

சென்ற வியாழக்கிழமை பிற்பகல், பதிவு அலுவலகத்தில் ஒரு நிலப் பத்திரத்துக்கு நகல் எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி வாசலில் வந்து நின்றாள். அதற்கு முன் ஒருநாளும் அவள் அந்தப் படி ஏறியதில்லை.

"முசியே எழுந்திருக்கல. சாப்ட்டுப் படுத்தவரு அப்படியே போயிட்டாரு. தெரேஸ் அக்கா உங்கள கூப்புடறாங்க" என்றாள்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலி முன்பு அவருடையது. அது எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சவரிமுத்து அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதிவு அலுவலகத்தில் பிரெஞ்சிலும் தமிழிலும் பத்திரங்களை நகலெடுத்து எழுதியவர். அவர் எழுதிய பக்கத்தை அச்சடித்தது என்று நினைத்து விரலால் தடவிப் பார்த்தவர்கள் உண்டு. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'முசியே', அதாவது பிரெஞ்சில் 'ஐயா'. உப்பளம் பேட்டையில் ஒரே வீட்டின் முன்கட்டில் அவரும் மனைவி தெரேஸ் அம்மாளும், பின்கட்டில் நாங்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஐம்பத்து நான்கில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து நிர்வாகம் கைமாறியபோது, ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சு நீதிபதி தம்முடைய கறுப்புக் காரை அவரிடம் விட்டுப் போனார். யுத்தத்துக்கு முந்தைய கார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது; மேனிதான் போயிருந்தது. கடற்காற்றில் கதவோரமெல்லாம் துரு. வெள்ளிபோல் இருக்க வேண்டிய பம்பர் ஈயம்போல் மங்கிக் கிடந்தது. இருக்கைத் தோல் வெடித்துப் பஞ்சு வெளியே வந்திருந்தது.

பட்டறைக்கு விடச் சொன்னோம். அவர் கேட்கவில்லை. வீட்டின் பக்கவாட்டு நடையில் கீற்றுக் கொட்டகை போட்டு, காரை அதில் நிறுத்தி, ஞாயிறுதோறும் தாமே உட்கார்ந்துவிட்டார். வாரத்துக்கு ஒரு சாண் இடம்தான் எடுத்துக்கொள்வார். துருவை உப்புத்தாளால் தேய்த்து, சிவப்புப் பூச்சு வைத்துக் காயவிட்டு, மேலே கறுப்புப் பெயின்ட்டை மெல்லிய தூரிகையால் இழுப்பார். காய்ந்ததும் சோப்புத் தண்ணீர் தொட்டு மறுபடியும் தேய்ப்பார். கடைசியில் மெழுகு. பழைய கறுப்பு எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று என்னைக் கண்டுபிடிக்கச் சொல்வார். ஒரு தடவைகூட என்னால் முடிந்ததில்லை. இருக்கைத் தோலையும் மெழுகு நூல் கோத்துத் தாமே தைத்தார்.

தைத்த மறுவாரம் எங்கள் இரு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு பிள்ளைச்சாவடி வரை போனார். திரும்பும்போது வழியில் ஒரு மீன்கார அம்மாள் காலில் முள் தைத்து உட்கார்ந்திருந்தார். முசியே காரை நிறுத்தி, அந்த அம்மாளைக் கூடையோடு பின்னிருக்கையில் ஏற்றினார். மீன் தண்ணீர் புதுத் தையலில் வழிந்தது. வீட்டுக்கு வந்ததும் தெரேஸ் அம்மாள் சத்தம் போட்டார்.

"ஆறு மாசம் குனிஞ்சி குனிஞ்சி தைச்சீங்களே, அதுக்குத்தானா?"

"சீட்டு உக்காரத்தான தெரேஸ்" என்றார் அவர். என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "கீறலே வுழாத காரு கடையிலதான் இருக்கும் கோவிந்து. வீட்ல இருக்காது" என்றார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் எனக்கு என்ன பயம்? இன்று யோசித்தாலும் பிடிபடவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தவளக்குப்பத்தில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். நேரமாகிவிட்டது. முசியே அன்று விடிந்ததிலிருந்து பின்கதவுக்கு மெழுகு போட்டு முடித்துவிட்டு, பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். அந்த நடை வழியாகத்தான் என் சைக்கிளை வெளியே எடுக்க வேண்டும். தினமும் ஹேண்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு போகிறவன், அன்று அவசரத்தில் அப்படியே தள்ளினேன். பிரேக் பிடி கதவில் உரசியது. கதவிலிருந்து மட்கார்டு வரை முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு. கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. சாயங்காலம் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்தபோது அவர் காருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மெழுகுத் துணி. அதை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணியில மணல் இருந்திருக்கு கோவிந்து. பாக்காம தேச்சிருக்கேன். இவ்ளோ பெரிய கோடு இழுத்திருக்கேன், தேய்க்கறப்போ கண்ணுக்குத் தெரியல பாரு" என்றார்.

அந்த மாதம்தான் கண் வைத்தியர் அவருக்குப் புரை விழத் தொடங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தார். இப்போதைக்குப் பயமில்லை என்றும் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறந்தேன். "இல்ல முசியே, நான்தான்" என்று சொல்லத்தான் திறந்தேன். ஆனால் வெளியே வந்தது வேறு.

"வயசாவுதில்ல முசியே" என்றேன்.

ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

அத்தோடு காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். அடுத்த ஞாயிறு அதைத் திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஒரு மாதம் கழித்து மேலதிகாரியிடம் போய், நகல் எழுதும் வேலையிலிருந்து தம்மை விடுவிக்கக் கேட்டுக்கொண்டார். ஊராருடைய நிலம், வீடு. ஒரு எண் தவறினால் யார் பதில் சொல்வது என்றாராம். "என் எடத்துக்குக் கோவிந்துதான் சரியா வருவான்" என்றும் அவரே சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சரி என்றேன். கடிதங்களுக்கு முத்திரை குத்தும் மேசைக்கு அவர் மாறிப் போனார். 'பாவம், முசியேவுக்குக் கண் போய்விட்டது' என்று அலுவலகம் பேசிக்கொண்டது. அந்தப் பேச்சு என் காதில் விழும்போதெல்லாம் பக்கத்தைப் புரட்டினேன்.

சொல்ல நாள் இல்லாமல் இல்லை. இரண்டு வருடமும் ஒரே வாசலில்தான் புழங்கினோம். இன்று வேண்டாம், பண்டிகை போகட்டும், தங்கை கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தள்ளத் தள்ள, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதே கீறலைவிடப் பெரிய குற்றமாகிவிட்டது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தெரேஸ் அம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை.

"ரெண்டு வருசமா அவரு ஊசியக்கூட தொடல தம்பி. சட்டைக்குப் பட்டன் அறுந்தா எங்கிட்ட குடுத்துடுவாரு. என் கைய நம்ப முடியாதுன்னுவாரு" என்றார்.

"என்ன மன்னிச்சிடுங்கக்கா."

"எங்கிட்ட கேக்கறீங்க. கேக்க வேண்டியவரு போயிட்டாரே" என்றார். கோபம் இல்லாத குரல். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

பிறகு அவரே எழுந்து வந்து தார்ப்பாயின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். இரண்டு வருட உப்புக்காற்றில் அந்த வெள்ளைக் கோடு செந்துருவாக மாறி, இருபுறமும் பெயின்ட்டைத் தின்று விரல் அகலத்துக்குப் படர்ந்திருந்தது. அதைச் சுற்றி முசியேவின் கைபட்ட இடமெல்லாம் இன்னும் கறுப்பாக மின்னியது. அந்தக் கறுப்பில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது. தெரேஸ் அம்மாள் தம் சேலைத் தலைப்பால் கதவின் தூசியைத் துடைத்தார். துருவின் மேல் மட்டும் துடைக்கவில்லை.

அவரோடு வேலை செய்தவர்கள், அவர் கண் போய்விட்டது என்று நம்பிப் பரிதாபப்பட்டவர்கள், எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். கடைசி நாள் வரை அவர் கையில் ஒரு தவறும் இல்லை. இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போய் வாருங்கள், முசியே. அந்தக் கோடு நான் இழுத்தது.