கோழிக்கூட்டுக்குள் ஒரு மொறிஸ் மைனர்

கிண்ணியாவில் அபூதாஹிரின் வளவில் கோழிக்கூடாய் நின்ற பழைய மொறிஸ் மைனர் காரை யோகலிங்கம் விலைபேசி வாங்கியபோது, உள்ளே அடைகிடந்த கோழியையும் அபூதாஹிர் சேர்த்தே கொடுத்துவிட்டார். துறையடியில் மிதவையில் ஏற்றி, இக்கரையில் உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து, அன்புவழிபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்வரை கோழி எழும்பவேயில்லை. மனுசன் கார் கொண்டுவருகிறார் என்று படலைக்கு ஓடிவந்த குணேஸ்வரி, தகரத்தையும் கோழியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது ஓடட்டும், முதல் ஓட்டம் உம்மைக் குச்சவெளிக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று யோகலிங்கம் மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். குச்சவெளியில் இருந்தது குணேஸ்வரியின் அக்கா கமலேஸ்வரி. சண்டைக் காலத்தில் அந்த வீதியில் பஸ் ஒருநாள் போகும், பல நாள் போகாது. அக்காவைக் கண்டு வருசக்கணக்காகியிருந்தது.

யோகலிங்கம் தபால் கந்தோரில் முத்திரை விற்கிறவர். எஞ்சினுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இல்லை, ஆசைதான். வீட்டோடு சேர்த்து ஒரு தகரக் கொட்டில் இறக்கி, அதற்குக் கராஜ் என்று பெரிய பெயரும் வைத்தார். கந்தோர் விட்டு வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கடியில் போய்விடுவார். கழற்றுவது சுகம், பூட்டும்போதல்லவா தெரியும்! முதல்தரம் பூட்டி முடிக்க ஒரு கைப்பிடி நட்டு மிஞ்சியது. எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினார். தேவையான சாமான்களை அபூதாஹிர் எங்கெங்கோ தேடி அனுப்பினார். குணேஸ்வரி சிவப்பு றெக்சினில் சீற்றுக்கு உறை தைத்து அலுமாரிக்குள் பத்திரப்படுத்தினார்.

கடைசியில் ஒரு பின்னேரம் எஞ்சின் ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, தையல் மெஷின் மாதிரி அப்படியொரு சீரான சத்தம். மனுசன் குசினிக்குள் வந்து நின்று அழுதேவிட்டார். ஆனால் அந்தச் சந்தோசம் விடிவதற்குள் பயமாய் மாறிவிட்டது. ஓடுகிற வாகனத்தைக் கண்டால், தோளில் துவக்கோடு வருகிறவர்கள் எந்தப் பக்கத்தாராய் இருந்தாலும், ஒருக்கால் தாங்கோ என்று கேட்பார்கள். அப்படிக் கொடுத்த வாகனம் திரும்பி வந்ததாக அந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

ஆகவே கார் மறுபடியும் கோழிக்கூடானது. துருவேறிய உடம்பில் ஒரு சொட்டுப் பெயின்ற் படவில்லை. எஞ்சினை மூடிய பொனற்றின் மேலே ஒரு பனையோலைக் கடகம், கடகத்துக்குள் எப்போதும் ஏதாவதொரு அடைக்கோழி. பக்கத்து அரிசி ஆலை இரைகிற நேரம் பார்த்து எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவார். கேட்டவர்களுக்கெல்லாம் ஓடாது என்பதுதான் பதில். பாவம், அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க ஏலாது.

ஒரு காலை, துவக்கோடு இரண்டு பேர் கராஜ் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஐயா, இது ஓடுமோ?"

"ஓடாது, தம்பி."

ஒருவன் பொனற்றைத் திறக்கக் கை வைத்தான். திறந்தால் கதை முடிந்தது, உள்ளே எஞ்சின் பளபளவென்று இருந்தது. கோழி அவன் கையில் ஒரு கொத்துக் கொத்தியது. குணேஸ்வரி ஓடிவந்து, அடைக்கோழியை எழுப்பினால் முட்டையெல்லாம் கூழாகிவிடும் என்று கெஞ்சினார். அவன் கையை எடுத்துக்கொண்டான். மற்றவனுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. இத்தனை வருசம் கிண்டியும் ஒரு காரை ஓடவைக்கத் தெரியாத மனுசனா என்று சிரித்தான்.

யோகலிங்கத்துக்கு வந்ததே கோபம்! "ஆருக்குத் தெரியாது..." என்று தொடங்கியும் விட்டார். குணேஸ்வரி குறுக்கே விழுந்தார்.

"இவருக்கு இதெல்லாம் ஏலாது, தம்பி. ஒரு ஆணி அடிச்சாலும் கோணல்தான்."

இருவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அன்று மத்தியானம் யோகலிங்கம் சோற்றைத் தொடவில்லை. கார் தப்பியது எதனால் என்று அவருக்குத் தெரியாமலில்லை. என்றாலும் பெண்சாதி வாயால் அதைக் கேட்டது நெஞ்சில் தைத்துவிட்டது. "வாயைக் குடுத்திருந்தால் காரையும் குடுத்திருப்பியள்" என்று குணேஸ்வரி சோற்றுப் பீங்கானை அவர் பக்கம் தள்ளினார். சாப்பிட்டார், கையைக் கழுவிக்கொண்டு நேரே கராஜுக்குப் போய்விட்டார்.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்று றேடியோ சொன்னது, வீதியும் திறந்தது. யோகலிங்கம் பெயின்ற் வாங்கப் புறப்பட்டார். குணேஸ்வரி விட்டால்தானே! இந்தச் சமாதானம் எத்தனை நாளைக்கென்று ஆர் கண்டது, பெயின்ற் பிறகு பூசலாம், முதலில் அக்கா என்றார். கோழி இறங்கியது, சிவப்பு உறை ஏறியது. துருவும் கோழி எச்சமுமாகக் கார் நிலாவெளியைத் தாண்டி, வழியில் ஒருதரம்கூட இருமாமல், குச்சவெளி போய்ச் சேர்ந்தது.

கமலேஸ்வரி தங்கையைக் கட்டிப்பிடித்து அழுது தீர்த்த பிறகுதான் காரைப் பார்த்தார். அயலெல்லாம் படலையடியில் கூடிவிட்டது.

"இதிலயோ வந்தனீங்கள்? ஆர் இதைத் திருத்தினது?"

பழக்கதோசத்தில் யோகலிங்கம் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தார். குணேஸ்வரி முந்திக்கொண்டார்.

"இவர்தான், அக்கா. தனிய இருந்து செய்தவர். ஒரு ஆணிகூடக் கோணல் இல்லை."

அத்தனை பேரும் பார்க்க, யோகலிங்கம் பொனற்றை அகலத் திறந்தார். தண்ணீர் பார்க்கிறாராம். தண்ணீர் நிறையத்தான் இருந்தது. ஆனாலும் மனுசன் நெடுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.