மூன்றாம் அத்தியாயத்துத் தாலாட்டு

கல்லூரியில் அவளுக்கு ‘சோப்பு டாக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவோ இலக்கியம் இருக்க, விளம்பரத்தில் வரும் கவிதையைப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? சோப்புப் பாட்டு, பல்பொடிப் பாட்டு, குடைப் பாட்டு, இருமல் மருந்துப் பாட்டு என்று சளைக்காமல் சேர்த்தாள். நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் துறைத்தலைவர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டும். அப்படிப்பட்டவளுக்குப் பல்கலைக்கழகம் சிறந்த ஆய்வுக்கான பதக்கம் அறிவித்தது. கேலி பேசிய வாயெல்லாம் கப்சிப். இனி வேலையும் நிரந்தரம்தான் என்று துறைத்தலைவரே சொல்லிவிட்டார்.

பதக்கம் வாங்கித் தந்தது ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். ‘மேகம்’ என்ற குழந்தைப் பவுடரின் விளம்பரப் பாட்டு ஆறு வரி. அதில் முதல் நாலு வரி தாய்மார்கள் வாய்வழியாகப் பாடிவந்த பழைய தாலாட்டு, கம்பெனி அதைச் சுருட்டிக்கொண்டு கடைசி இரண்டு வரியை ஒட்டவைத்தது என்று அடித்துச் சொல்லியிருந்தாள். சாட்சி, அவள் அம்மா. தையல் கடையில் காஜா எடுத்துத் தனியாளாக மகளை வளர்த்த அம்மா, தினமும் அந்த நாலு வரியைப் பாடித்தான் தூங்கவைத்தாள். விழாவில் அம்மாவே மேடையேறிப் பாடுவதாக ஏற்பாடு.

விழா அன்று காலை, புடவைக்கு இஸ்திரி போட்டபடியே அம்மா பாடிப் பார்த்தாள்.

“மேகத்தை மடிச்சு மெத்தை விரிச்சேன்
மெதுவாச் சாயடி கண்ணே
தேகத்தில் எறும்பும் தீண்டாமல் அம்மா
தூங்காமல் காப்பேன் பெண்ணே”

நிறுத்தவில்லை. மேலே போனாள்.

“பஞ்சினும் மெல்லிய மேகம் பவுடர்
பூசினால் போதும் பொன்னே.”

மகள் ஓடிவந்தாள். “அம்மா, இது உனக்கு எப்படித் தெரியும்?”

“கடை ரேடியோவுல தினம் போடுவானே. அதுல கேட்டுத்தானே பாட்டையே கத்துக்கிட்டேன்.”

“எனக்கு நாலு வரிதானே பாடுவே?”

“பவுடர் வாங்க நமக்கு ஏதுடி வக்கு? இல்லாததப் பாடி, நீ கேட்டு அழுதா நான் எங்க போவேன்? அதான் விட்டுட்டேன். இப்ப என்ன குறை, முழுசாப் பாடிடறேன்.”

ஊர் ஊராக அலைந்து பாட்டுச் சேர்த்தவள், பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள். அம்மா பாடினால் அது பழம்பாட்டு என்று நம்பிவிட்டாள். தனக்கென்று இருந்த ஒரே தாலாட்டும் பவுடர்க்காரனுடையதுதானா என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

“முழுசாப் பாடினா ரேடியோப் பாட்டுன்னு தெரிஞ்சிடும். பதக்கம் போயிடும்மா. பழையபடியே பாடு.”

அம்மா தேய்த்த மடிப்பையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

மேடையில் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடினாள். நாலாவது வரி முடிந்ததும் வாய் தன்னால் அடுத்ததற்குத் திறந்தது. மகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, தப்பு செய்தவள்போலத் தலை குனிந்தாள். ஒரே கைதட்டல். துறைத்தலைவர் மகளிடம் பதக்கத்தை நீட்டினார்.

அன்றைக்கும் அந்த இரண்டு வரியைத் தனக்காக விழுங்கினாள், இன்றைக்கும் தனக்காகவே விழுங்குகிறாள் என்று மகளுக்கு உறைத்தது. நீட்டிய பதக்கத்தை வாங்காமல் அம்மாவிடம் போய், மைக்கை அவள் வாய்ப்பக்கம் திருப்பினாள்.

“இன்னும் ரெண்டு வரி இருக்கு. பாடும்மா.”