பக்கத்து மனையின் பட்டுப்புழுக்கள்

ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து குடியேறியவன் நான். மனைவிக்கு நகரத்தில் பள்ளிக்கூட வேலை. எனக்கு நஞ்சன்கூடு சாலையிலிருந்து சற்று உள்ளே, குத்தகை நிலத்தில் ஒரு பாலிஹவுஸ், பிளாஸ்டிக் கூரை போட்ட பயிர்க்கூடம். உள்ளே முழுக்க ஜெர்பரா. கல்யாண மண்டப அலங்காரத்துக்குப் போகும் பூ. வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் கொஞ்சம் தாழ்வு. அங்கே ஹனூரை அடுத்த கௌதள்ளியிலிருந்து வந்த ஒரு தம்பதி மல்பெரி பயிரிட்டு, நடுவில் மனை கட்டிப் பட்டுப்புழு வளர்த்தார்கள். கணவர் பகலெல்லாம் நகரத்தில் ஆட்டோ ஓட்டினார். புழுக்களைப் பார்த்துக்கொண்டது மனைவிதான். ஒரே பக்கத்துத் தமிழ் என்பதால் முதல் சந்திப்பிலேயே அவள் என்னை அண்ணா என்றாள், நான் அம்மிணி என்றேன்.

அந்தக் கோடையில் ஜெர்பராவில் இலைப்பேன் ஏறியது. கடுமையான மருந்தாகப் பார்த்து அடித்தோம். அடிக்கும்போது பக்கத்திரைகளை இறக்கிவிட வேண்டும். உள்ளே வெக்கை தாங்காமல் பாதி சுருட்டியே வைத்திருந்தோம். காற்று தாழ்வான பக்கம் வீசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. இவ்வளவு தூரம் போகுமா என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே வந்து நின்றாள்.

“அண்ணா, இதப் பாருங்க. காலையில வேலியோரத்து சொப்பு அறுத்துப் போட்டனுங்க. தின்னதும் எல்லாம் தலையத் தலைய ஆட்டுது. வாந்தி எடுக்குது.”

சொப்பு என்று அவள் சொன்ன மல்பெரித் தழையின் மேல் புழுக்கள் உடம்பு சுருங்கிப் புரண்டுகொண்டிருந்தன. வாயில் பச்சை நீர். கூடு கட்ட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்திருக்கும், நல்ல கனம் வைத்திருந்தன.

“என் மருந்துதான் அம்மிணி. நேத்து சாயந்திரம் அடிச்சோம்” என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தச் சாலுல அறுத்திருக்க மாட்டனுங்களே” என்று மட்டும் சொன்னாள்.

செத்த புழுக்களைப் புதைக்கக் குழி வெட்ட நான் போனேன். அவளுடைய கணவர் மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை. வெட்டிய குழியில் அவள் கூடைகளைக் கவிழ்த்தாள். சுண்ணாம்பைத் தூவி மூடினோம். அதற்குப் பிறகு வேலியோரம் நடக்கும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்க்காமல் போகக் கற்றுக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் அடுத்த தொல்லை வந்தது. ஜெர்பராச் செடிகள் பாத்தி பாத்தியாக வாடின. பிடுங்கினால் வேரே இல்லை. மண்ணைக் கிளறியதும் அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளை வேர்ப்புழுக்கள் உருண்டன. சரியாக மக்காத தொழுவுரத்தோடு நானே கொண்டுவந்து கொட்டியவை. கடைக்காரர் வழக்கமான மருந்தை எடுத்து மேசைமேல் வைத்தார். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். மனைவி சொன்னாள், “செடியும் போகக் கூடாது, அந்தம்மா புழுவும் போகக் கூடாது. வேற வழி இருக்கான்னு கேளுங்க.”

கேட்டபோதுதான் நூற்புழுவைப் பற்றித் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத புழு. மண்ணுக்குள் வேர்ப்புழுவைத் தேடிப்போய் உடம்புக்குள் நுழைந்து கொல்லும். பெங்களூரில் அதைப் பெருக்கித் தருகிற ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரியிடம் முதலில் கேட்ட கேள்வி பட்டுப்புழுவைப் பற்றித்தான். அவர் கன்னடத்தில் சொன்னதன் சாரம் இது: மண்ணில் இருக்கும்வரை பயமில்லை, வெயில் பட்டாலோ காய்ந்தாலோ செத்துவிடும். ஆனால் பட்டுப்புழுவின் மேல் நேராகப் பட்டால் அதையும் கொல்லும். எது நமக்கு வேண்டிய புழு, எது வேண்டாத புழு என்று அதற்குத் தெரியாது.

நூற்புழு இருந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம், அவளிடம் சொல்லலாமா, சொன்னால் பயப்படுவாளா என்ற யோசனை. இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் பாலிஹவுஸுக்கு வந்து பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியில் விட்டு லென்ஸை நீட்டினேன். உள்ளே வெள்ளை இழைகள் நெளிந்தன. நீட்டமாக, ஆடாமல் கிடந்தால் செத்தது என்று அதிகாரி சொல்லியிருந்தார். எல்லாம் உயிரோடுதான் இருந்தன.

“இத்துனூண்டு. இது போயி அத்தாப் பெரிய புழுவக் கொல்லுதுங்களா?” என்றாள். பிறகு, “செருப்ப அங்கயே வுட்டுட்டு வாங்கண்ணா நம்ம பக்கம்” என்றாள். அவ்வளவுதான் அவள் பயம்.

வெயில் தாழ்ந்ததும் வேலையைத் தொடங்கினோம். பாத்திகளை முதலில் நனைத்தோம். அடியில் படிந்துவிடாமல் மனைவி வாளியைக் கலக்கிக்கொண்டே இருக்க, நான் பூவாளியில் மொண்டு ஒவ்வொரு செடியின் தூரிலும் ஊற்றினேன். பிறகு மறுபடியும் தண்ணீர். மருந்து வாசனை இல்லாமல், முகத்தில் துணி கட்டாமல் செய்த அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இந்தத் தடவை யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்பினேன்.

சில நாள் கழித்து, சாயந்திரம் தொடங்கிய மழை விடியும்வரை அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் கூரைத்தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்து, வெள்ளம் பாத்திகளுக்குள் புகுந்து, வேலிக்கு அடியில் ஓடி மல்பெரிக்குள் தேங்கியிருந்தது. அவள் தோட்டத்தில் பாதி என் மண்ணின் நிறத்தில் நின்றது. நூற்புழுவும் அதோடு போயிருக்கும். அவளுடைய மனையில் புழுக்கள் கடைசித் தோல் உரித்து, பெருந்தீனி தின்னும் பருவம். குழியும் சுண்ணாம்பும்தான் என் கண்முன் வந்தன. ஓடினேன்.

“அம்மிணி, அறுக்காதீங்க! எங்க தண்ணி பூராவும் உங்க காட்டுல நிக்குது. அந்தப் பக்கத்துச் சொப்பு ஒண்ணும் போடாதீங்க!”

அரிவாளோடு நின்றவள் அப்படியே நின்றாள். “அறுத்து வெச்சது?”

“அதையும் வேண்டாம். தூக்கிப் போட்டுருங்க.”

என் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, ஒன்றும் கேட்காமல் அறுத்து வைத்திருந்த கட்டுகளை வெளியே தள்ளினாள். மேட்டுப் பக்கத்துத் தழை பாதிப் புழுக்களுக்குக்கூடப் போதவில்லை. கணவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தழை தேடிப் போனார். நானும் ஒரு பக்கம் போனேன். கிடைத்தது கொஞ்சம், அதுவும் முற்றல், வந்து சேர்வதற்குள் வாடியும் போனது. புழுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காம்பைக்கூடக் கொறித்தன. அந்தப் பசியை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அந்த அலைச்சலில் அதிகாரியைக் கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவழியாக நினைவு வந்து போன் செய்தபோது, புழுக்கள் கூடு கட்ட ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: “தண்ணி இலை மேல ஏறிச்சா?”

“இல்ல. தூர்லதான் நின்னது.”

“அப்ப எதுக்கு இலையை எறிஞ்சீங்க? அது செடி மேல ஏறி வந்து உட்காராது. சேறு படாத மேல் தழையை அறுத்துப் போட்டிருக்கலாமே.”

போனை வைத்துவிட்டுப் பாத்தியோரம் உட்கார்ந்தேன். நல்ல தழையை எறியச் சொல்லி அந்தப் புழுக்களைப் பட்டினி போட்டவன் நான். இந்த முறை மருந்துகூட அடிக்கவில்லை. என் பயத்தை அவள்மேல் அடித்திருந்தேன்.

அன்றே போய்ச் சொன்னேன். அவள் தழைக்காம்புகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டுவதை நிறுத்தவில்லை.

“ஏனுங்கண்ணா, நீங்க ஓடி வந்த வேகத்துல எனக்கு வேற ஒண்ணுமே தோணல. அந்த ஆபீசருகிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுப்போட்டு அப்பறம் சொல்லியிருந்தா?”

“தோணலம்மா.”

“மொதல்ல சொல்லாம வுட்டீங்க. இப்ப சொல்லிச் சொல்லியே பயமுறுத்திப்போட்டீங்க.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “என்ன நடந்துச்சோ அத மட்டும் சொல்லுங்க. போடறதா எறியறதான்னு நான் பாத்துக்கறனுங்க. புழு என்னோடதுதானே?”

 அவள் கோபத்தில் கத்தியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

அந்தத் தடவை கூடுகள் மெல்லிசாக வந்தன. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. அதே வாரம் என் பாத்திகளில் கிளறிய இடமெல்லாம் வேர்ப்புழுக்கள் செங்கல் நிறத்தில் செத்துக் கிடந்தன. ஜெர்பரா புதுத்தளிர் விட்டது. மனைவி சந்தோஷத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான். வேலிக்கு அந்தப்பக்கம் கேட்டுவிடுமோ என்று மெதுவாகப் பேசச் சொன்னேன்.

குழாயை மாற்றினேன். தண்ணீர் எந்தப் பக்கமும் போகாதபடி சுற்றிலும் வாய்க்கால் வெட்டி என் நிலத்திலேயே ஒரு குழியில் இறக்கினேன். அவள் மனையைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, அடுத்த முட்டையை வாங்கி வைத்தாள். நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

புழு பழுத்து, கூடு கட்டத் தயாரான அன்று அவளே வந்து கூப்பிட்டாள். பழுத்த புழுக்களைப் பொறுக்கி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டிகளில் விடவேண்டும். ஒரே நேரத்தில் எல்லாம் பழுத்தால் கை போதாது.

“அக்காவையும் கூட்டிட்டு வாங்கண்ணா. ஆள் பத்தலைங்க.”

நான் குளித்து, துவைத்த வேட்டி மாற்றி, அவர்கள் தொட்டியில் மறுபடியும் சோப்பு போட்டுக் கை கழுவினேன். கழுவியது போதவில்லை என்று தோன்றி இன்னொரு முறை.

“தோல் உரிஞ்சு நீங்களும் அடுத்த பருவத்துக்குப் போயிருவீங்க போல” என்றாள். அவள் கணவரும் என் மனைவியும் சிரித்துவிட்டார்கள்.

உள்ளே போனேன். பழுத்த புழு கண்ணாடி போல இருந்தது, தொட்டால் குளிர்ச்சி. என் விரலில் அது தலையைத் தூக்கி இடம் தேடியது. தட்டியில் விட்டேன். அடுத்ததை எடுக்கும்முன் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். வேலை முடியும்வரை ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான். மறுநாள் காலை மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் நூல் சுற்றத் தொடங்கிவிட்டன என்றாள். கூடுகள் கெட்டியாக வந்தன.

இப்போது எதைத் தெளிப்பதென்றாலும் முந்தின நாளே வேலியோரம் போய் நின்று, என்ன தெளிக்கிறேன், எந்தப் பக்கம் காற்று என்று சொல்கிறேன். முடிவை அவள் எடுக்கிறாள். போன மாதம் “இன்னிக்கு வேண்டாங்கண்ணா, காத்து ஒரு நெதானத்துல இல்ல” என்றாள். தள்ளிப்போட்டேன். அதற்குள் இலைப்பேன் ஒரு பாத்திப் பூவைக் கெடுத்துவிட்டது. வாடிய பூக்களை அறுத்துப் போட்டபோது, வெகுநாளைக்குப் பிறகு மனதில் கொஞ்சம் பாரம் குறைந்தது போலிருந்தது. அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.