பிளாட்டிபஸ் அத்தை

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்த சமயம். எண்ணூரில் உறவுக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தோம். அப்போது அவளுக்குப் பிளாட்டிபஸ் பைத்தியம். அந்த ஆஸ்திரேலிய விலங்கை டிவியில் பார்த்ததிலிருந்து வேறு பேச்சே கிடையாது. முன்கால்தான் அதற்குத் துடுப்பு, ஆற்றில் முங்கியதும் கண், காது எல்லாம் மூடிக்கொள்ளும், வாத்து அலகால் துழாவியே இறால் பிடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும்... கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

விருந்துக்கு முன் ஆற்றங்கரைக்குப் போனோம். கழுத்தளவு தண்ணீரில் ஓர் அக்கா மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார். பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்வியிருந்தார். கண்ணை மூடி, சேற்றைக் கையால் தடவி, சிக்கிய இறாலைப் பறிக்குள் போட்டார்.

"யம்மா, பிளாட்டிபஸ்!" என்று இவள் கத்த, எனக்கு மானமே போய்விட்டது.

அக்கா பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னா கண்ணு அது?" என்றார். இவள் மூச்சுவிடாமல் முழுக் கதையும் சொன்னாள்.

"அட, கன்னத்துலயே பறி வச்சினுகீதா? அப்போ அதுவும் நம்ம ஆளுதான்!" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

நான் ராயபுரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். அலையில் புரண்டு வளர்ந்த எங்களுக்கு, அலையே இல்லாத ஆறு என்றால் ஓர் இளக்காரம். கரையோரம் முட்டியளவு தண்ணீர்தானே, விளையாடட்டும் என்று விட்டேன். அவள் பிளாட்டிபஸ் மாதிரியே கண்ணை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஓரடி தள்ளிப்போய் முங்கினாள். எழவே இல்லை. அங்கே மண் அள்ளிய பள்ளம் இருந்தது எனக்குத் தெரியாது.

பாய்ந்தேன். கடலில் தேடுவதுபோலக் கண்ணைத் திறந்து தேடினேன். கரி கரைத்த தண்ணீர், என் கையே எனக்குத் தெரியவில்லை. மேலே வந்து அலறினேன்.

அக்கா பறியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். "நவுரு நீ!" என்று என்னைத் தள்ளிவிட்டு, கண்ணை இறுக மூடி முங்கினார். பள்ளத்தைத் தடவித் தடவி, என் மகளின் ரெட்டை ஜடையில் ஒன்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தார். குழந்தை இருமித் தண்ணீர் கக்கி, ஓவென்று அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

பறி எங்கேயோ மிதந்து போய்விட்டது. காலையிலிருந்து பிடித்த இறாலும் அதோடு போயிற்று. நான் காலில் விழப்போனேன். "எறா நாளிக்கும் வரும். மொதல்ல புள்ளைக்குத் தல தொவட்டு" என்று அதட்டினார்.

அடுத்த வாரம் புதுக்கூடை வாங்கிக்கொண்டு போனேன். "இது மீன் கூடைம்மா, எறால்லாம் பூந்து ஓடிடும்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

மகள் இப்போது வெளியூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். போன் செய்யும்போதெல்லாம், "பிளாட்டிபஸ் அத்தையைப் பார்த்தியாம்மா?" என்று கேட்பாள். எண்ணூர்ப் பக்கம் போனால் பஸ் ஜன்னல் வழியே ஆற்றையே பார்த்துக்கொண்டு போவேன். தண்ணீருக்கு மேலே ஒரு தலையும் வாயில் ஒரு பறியும் தெரிந்துவிட்டால் போதும், என் பிள்ளைக்கு இன்னொரு தாய் சுகமாக இருக்கிறாள் என்று மனசு நிறைந்துவிடும்.